அடுப்புக்குள் யார் மேலே

பேக்கரி வேலை பழகுகிற உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். ஓவன் கதவைத் திறந்து வைத்து எடுத்த படம். மூன்று தட்டிலும் கேக் டின்கள், விளிம்போடு விளிம்பு இடித்துக்கொண்டு, சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிற பஸ் மாதிரி. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி. மேல் தட்டில் முகம் கருகுகிறது, அடித்தட்டில் அடி பிடிக்கிறது, நடுவில் வேகவே மாட்டேன் என்கிறது, மெஷினை மாற்றச் சொல்லலாமா?

மெஷினை மாற்ற வேண்டாம் தம்பி. டின்னைக் குறை. ஒவ்வொரு டின்னுக்கும் நடுவில் கை நுழைகிற மாதிரி இடம் விடு. மேல் தட்டில் ஒரு டின் இருந்தால் அதற்கு நேர் கீழே இன்னொன்றை வைக்காதே, தள்ளி வை. சூடு சுற்றி வர வழி வேண்டும். கேக்கின் நடுப்பகுதி ஆடாமல் நின்ற பிறகு மேலே இருப்பதைக் கீழேயும், கீழே இருப்பதை மேலேயும் மாற்று. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. உன்மேல் கோபம் இல்லை. நீ தெரியாமல் அடைத்திருக்கிறாய். தெரிந்தே அப்படி அடைக்கச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், எல்லாருமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் என் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று மேலே போய்விடும். தெருப் பிள்ளைகள் சிரிக்கும். வீட்டுக்காரி டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அதனால் வேலை பார்த்த காலம் முழுக்க, கோபம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு ஜோக்கைப் போட்டு ஒப்பேற்றினேன். இப்போது இடுப்பு போய்விட்டது. ஓய்வு என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஜோக்குக்கு ஆள் கிடைப்பதில்லை. கோபம் மட்டும் மிச்சம்.

எங்கள் பேக்கரி தூத்துக்குடியில், கடற்கரைப் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்தெருவில். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் ஓவனில் வேகிற பாதிப் பண்டம் எங்களுடையது கிடையாது, ஊர்க்காரர்களுடையது. வீட்டிலேயே முந்திரி, திராட்சையை ஊறப்போட்டு, மாவு கலந்து, அவரவர் டின்னில் ஊற்றி எடுத்து வருவார்கள். நாங்கள் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஓவன் வாங்கி வைத்திருக்கிறவர்களும் வருவார்கள். யார் எத்தனை டின்னோடு வந்து இறங்கினார் என்பது தெருவுக்குத் தெரிய வேண்டுமே. கனமான அலுமினியச் சட்டி வரும், பிஸ்கட் டின் வரும், ஒருதரம் குக்கரின் உள்பாத்திரமே வந்தது.

எங்கள் ஓவனில் மூன்று தட்டு. தீ அடியில். சூடு எழும்பிக் கூரையில் முட்டித் தேங்கும். அதனால் அடித்தட்டில் கேக்கின் அடி தீயும், மேல் தட்டில் முகம் தீயும். நடுத்தட்டில் பெருமை எதுவும் கிடையாது, கேக் மட்டும் ஒழுங்காக வேகும்.

ஊர்க்காரர்களின் கணக்கு வேறு. மேல் தட்டு என்றால் மேலான குடும்பம். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. மீன்பிடி லாஞ்சு வைத்திருக்கிறவர் டின் மேலே, அந்த லாஞ்சில் கூலிக்குப் போகிறவர் டின் கீழே. எங்கள் டின்னுக்கு மேலே அவள் டின்னா என்று கேட்டு, பச்சை மாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் உண்டு. முகம் கருகினாலும் கவலை இல்லை. கத்தியால் சுரண்டி, மேலே பொடித்த சீனியைத் தூவி, மேல் தட்டில் வெந்தது என்று சொல்லியே சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். நான் பல வருடம் இதைப் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் கண் முன்னால் மேலே வைப்பேன். டீ குடிக்க அந்தப் பக்கம் போனதும் தட்டை மாற்றிவிடுவேன். திரும்பி வருவதற்குள் பழைய இடத்துக்கு ஏற்றிவிடுவேன். கேக்கும் பிழைக்கும், மரியாதையும் பிழைக்கும்.

அந்த வருடம் டீ குடிக்கப் போகாத இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தது அவர்கள் இல்லை. ரோசம்மா. மீன் ஏலக்கூடத்தில் மீன் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், முந்தானையால் மூடி ஒரே ஒரு டின்னைக் கொண்டுவந்தாள். மெல்லிசான தகர டின். மூத்த மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு கிறிஸ்துமஸாக வீடு வரவில்லை. அவன் கப்பல் இப்போது நம் துறைமுகத்துக்கே வந்து வெளியே நங்கூரம் போட்டிருந்தது. ஆனால் கப்பல்காரர்கள் இறங்க அனுமதி இல்லையாம். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுமாம். சாமான் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ஒரு படகு கப்பலுக்குப் போகிறது, கப்பல் ஏஜென்ட்டின் ஆள் பழைய துறைமுக வாசலில் நிற்பான், அவனிடம் கொடுத்தால் மகன் கைக்குப் போய்விடும் என்று ஏற்பாடு.

"கண்ணுக்கு எட்டுத தூரத்துல நிக்கான் மாஸ்டர்," என்றாள். "கப்பல் தெரியுது, புள்ள தெரியல. கேக்காவது போய்ச் சேரட்டும்."

அடுத்த ஈட்டுக்கு ஓவன் சூடாகிக்கொண்டிருந்தது. நடுத்தட்டில் வைக்கிறேன், தாராளமாக நேரம் இருக்கிறது என்று சொல்லி உட்காரச் சொன்னேன்.

அவள் உட்காருவதற்குள் வாசலில் இரண்டு ஆட்டோ. ஒன்றில் பிலோமினாக்கா, இன்னொன்றில் மெர்சியக்கா. அண்ணன் மனைவி, தம்பி மனைவி, ஓரகத்திகள். அந்த வருடம்தான் அண்ணனும் தம்பியும் லாஞ்சுகளைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போயிருந்தார்கள். அதுவரை ஒன்றாக வந்த டின்கள் இப்போது இரண்டு வரிசையாக வந்து இறங்கின. இரண்டிலும் ஒரே மாமியார் சொல்லிக்கொடுத்த ஒரே கேக். இரண்டு பேருக்கும் மேல் தட்டு வேண்டும்.

மூத்த வீட்டு டின் கீழே போன வழக்கமே இல்லை என்றார் பிலோமினாக்கா. மூத்த வீடு வயசில்தான் மூத்தது, பெரிய லாஞ்சு எங்கள் பேரில்தான் நிற்கிறது என்றார் மெர்சியக்கா. இதை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நான்தான் லாஞ்சைப் பிரித்துக் கொடுத்த மாதிரி.

வழக்கம்போல ஒரு ஜோக்கைப் போட்டேன். "மேல போறதுக்கு இம்புட்டு அவசரம் எதுக்குக்கா? எல்லாரும் ஒருநா போறதுதான."

இரண்டு அக்காமாரும் ஒன்றாக என்னை முறைத்தார்கள். அவர்கள் மாமியாரை அடக்கம் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று இரண்டு ஓரகத்திகளும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான். எனக்கு எதிராக.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். பெரிய வீட்டு ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்திலேயே வாழ்ந்த மனுஷன். அந்தப் பயம் கெட்ட புத்தி செய்கிற எல்லாக் காரியத்தையும் செய்யும், முகம் மட்டும் நல்லவர் முகமாக இருக்கும். இரண்டு அக்காமாருக்கும் சிரித்த முகமாக ஒரு கும்பிடு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வீட்டையும் மேலயே அடுக்கிரு மாஸ்டர். அந்தப் பொம்பள டின்ன அடியில எங்கனயாவது சொருவு."

மேல் தட்டில் அத்தனை டின்னும் ஏறினால் காகிதம் நுழைகிற இடம்கூட இருக்காது. சூடு மேலே போக வழி இல்லாமல் அடியிலேயே புரளும். அடியில்தான் ரோசம்மாவின் மெல்லிசான தகரம் இருக்கப்போகிறது. மேலே இருப்பதும் சரியாக வேகாது, கீழே இருப்பது கரியாகும். இதை முதலாளியிடம் சொன்னேன். அக்காமாரிடம் சொன்னேன். வீட்டுக்கு இரண்டு டின்னை இறக்கிக்கொள்ளுங்கள், போதும் என்றேன். யார் முதலில் இறக்குவது? அவள் இறக்கினால் நான் இறக்குகிறேன் என்றார் ஒருவர். அதையே இன்னொருவரும் சொன்னார். ஓவன் முன்னால் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்கள். கலந்த மாவு காத்திருந்தால் எழும்புகிற சக்தி போய்க்கொண்டே இருக்கும். எல்லா மாவும் போய்க்கொண்டிருந்தது. நேரமும்.

அப்போது ரோசம்மா எழுந்து வந்தாள். சண்டைக்கு இல்லை. சமாதானத்துக்கு.

"அடியிலயே வைங்க மாஸ்டர். கருகுனா சொரண்டிட்டுத் தின்பான்."

எனக்கு அவளிடம் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள்மேலும் சேர்த்துத்தான். ஏன் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்கிறாள்? யார் கேட்டார்கள்?

கைத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓவனைத் திறந்தேன். மேல் தட்டை உருவினேன். அடித்தட்டை உருவினேன். ஒன்றைச் சுவரில் சாத்தினேன், இன்னொன்று கையிலேயே இருந்தது.

"இப்ப மேலயும் கெடையாது, கீழயும் கெடையாது. ஒரே தட்டு. சம்மதம்னா இருங்க."

குரல் கீச்சென்றுதான் வந்தது. இருந்தும் யாரும் சிரிக்கவில்லை. கையில் கொதிக்கிற இரும்புத் தட்டு இருந்ததால் இருக்கும்.

நடுத்தட்டு மட்டும். இடம் விட்டு அடுக்கினால் ஐந்து டின்தான் போகும். வீட்டுக்கு இரண்டு, ரோசம்மாவுடையது ஒன்று. மீதியெல்லாம் அடுத்த ஈடு. மெல்லிசு டின் சீக்கிரம் வெந்துவிடும், முதலில் எடுக்க வேண்டியது என்பதால் அவளுடையதைக் கதவோரம் நடுவில் வைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தால், பிலோமினாக்கா அடுத்த கேள்வியை எடுத்தார். வலப்பக்கம் யாருக்கு? மோட்சத்துக்குப் போகிற செம்மறியாடு வலப்பக்கம், நரகத்துக்குப் போகிற வெள்ளாடு இடப்பக்கம் என்று பைபிளில் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"உள்ள இருந்து பாத்தா ஒண்ணு, வெளிய இருந்து பாத்தா இன்னொண்ணு," என்றேன். "கர்த்தர் எந்தப் பக்கம் நின்னு பாக்காருன்னு எனக்குத் தெரியாதுக்கா."

இரண்டு பேரும் யோசித்தார்கள். தன் டின்தான் வலப்பக்கம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். அன்று நான் போட்டதில் வேலைக்கு ஆன ஒரே ஜோக் அது. கதவைச் சாத்தினேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இதுவரை நடந்தது வெறும் தெருச்சண்டை.

நான் நினைத்தபடியே ரோசம்மாவின் கேக் முன்னால் வெந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிந்தது, முகம் சிவந்து, ஓரம் டின்னை விட்டு விலக ஆரம்பித்திருந்தது. மற்ற நாலும் கனமான அலுமினியம். அப்போதுதான் எழும்பி நின்றிருந்தன. நடுவில் இன்னும் தளும்பியது. அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் வெளிக்காற்று பட்டு நாலும் அமுங்கிக் குழி விழும். திறக்காவிட்டால் ரோசம்மாவின் கேக் முறுகும், படகும் போய்விடும்.

ரோசம்மா துண்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நேரமாவுது மாஸ்டர்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் கை கைப்பிடிக்குப் போய்விட்டது. ஒரு இழுப்புதான். அந்த நாலு டின்னும் குழி விழுந்து, இரண்டு அக்காமாரும் அதை மாமியார் கேக் என்று ஊரெல்லாம் கொடுப்பதை நினைத்தபோது மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. படகு காத்திருக்கிறது, தாய் நிற்கிறாள், திறந்தேன் என்றால் ஊரே என் பக்கம்.

ஆனால் என் கோபம் அந்த இரண்டு பேர்மேல். அவர்கள் மாவு என்ன செய்தது?

கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறு ரோசம்மா என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நீயும் அவர்கள் ஆள்தானா என்கிற பார்வை. முதலாளி பின்னாலிருந்து, திறந்து அவளை அனுப்பித் தொலை என்றார். அக்காமார் இரண்டு பேரும் எழுந்துவந்து, எங்கள் கேக் வேகுமுன் திறக்கக் கூடாது என்றார்கள். நான் யார் பக்கமும் திரும்பாமல், என் தொப்பையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, கண்ணாடிக்குள் தளும்புகிற நடுவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலில் மூன்று தளும்பாமல் நின்றன. நாலாவது நிற்கவில்லை. அது யார் வீட்டு டின் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திறந்திருப்பேனோ என்னவோ.

நாலாவதும் நின்றது. திறந்தேன், எடுத்தேன், சாத்தினேன். ரோசம்மாவின் கேக் ஓரம் கொஞ்சம் முறுகியிருந்தது. ஆற வைக்கவெல்லாம் நேரம் இல்லை. டின்னோடு துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, பிலோமினாக்கா வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டாள். அதைப் பிலோமினாக்கா கவனிக்கவில்லை என்பது அன்று எனக்குக் கிடைத்த ஒரே கிறிஸ்துமஸ் பரிசு.

மறுநாள் காலை ரோசம்மா கடைக்கு வந்து போனை நீட்டினாள். ஏஜென்ட்டின் ஆள் வண்டியைக் கிளப்பிவிட்டானாம், ஆட்டோவில் இருந்தே கத்தி நிறுத்தினாளாம். மகன் குரலில் ஒரு செய்தி இருந்தது, காற்றும் இஞ்சின் சத்தமும் கலந்து. "டின்னு வந்துட்டும்மா. சூடு இன்னும் இருக்கு. ஓரத்துலதான் லேசா முறுகியிருக்கு, அது நல்லாருக்கு." அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். தாய்க்குக் கேட்டது சூடு. எனக்குக் கேட்டது முறுகல். இந்தத் தொழில் நம்மை அப்படி ஆக்கிவிடுகிறது.

ஓரகத்திகளின் கேக்குகள் ஒன்றுகூடக் கருகாமல், ஒரே நிறமாக வந்தன. அவர்கள் வாழ்நாளில் அப்படி ஒரு கேக் அந்த ஓவனில் வந்திருக்காது. இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை. மேல் தட்டு இல்லாத பேக்கரி ஒரு பேக்கரியா என்று கோயில் வாசலில் வைத்துப் பேசினார்களாம், அதுவும் தனித்தனியாக. முதலாளி என்னைப் பிஸ்கட் அடுக்குகிற வேலைக்கு மாற்றினார். வேறு ஆள் அந்த ஓவனோடு மல்லுக்கட்டி, ஒரு வாரம் ரொட்டியெல்லாம் ஒருபக்கம் வெளுத்துப் போகவும், முகத்தைப் பார்க்காமல் திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த டிசம்பரில் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. மேல் தட்டுக்கு முன்பதிவு செய்யப்படும் என்று. முதலாளி போன வருடத்துச் சண்டையிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் அது. வேண்டாம் என்று சொன்னேன், குரல் கீச்சென்று போனது, அவர் டீ வரச் சொன்னார்.

முன்பதிவு செய்த முதல் ஆள் ரோசம்மா.

இந்தத் தடவை கனமான புது அலுமினிய டின். மகன் சம்பளம் அனுப்புகிறானாம். வந்ததும் வராததுமாக, "இந்த வருசம் மேல வைங்க மாஸ்டர்" என்றாள். நான் நடுத்தட்டின் அருமையை எடுத்துச் சொன்னேன். போன வருடம் அவள் கேக் அங்கேதான் வெந்தது என்பதைச் சொன்னேன். மேலே வைத்தால் முகம் கருகும் என்றேன்.

"கருகட்டும். ஒரு தடவயாவது எங்க டின்னும் மேல இருக்கட்டும்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பலகையை எழுதித் தொங்கவிட்ட முதலாளிமேலா? லாஞ்சுக்காரர்கள்மேலா? இவள்மேலா? இவளுக்கு மட்டும் அந்த ஆசை இருக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனாலும் அந்த ஆசையை இவளுக்குள் ஏற்றிவைத்த ஊரை அந்த ஓவனுக்குள்ளேயே தள்ளிச் சாத்திவிடலாம் போல இருந்தது.

தம்பிகளே, தங்கச்சிகளே, டின்னை எங்கே வைப்பது என்பதை உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எங்கே வைக்கச் சொல்லி ஜனங்கள் வந்து நிற்பார்கள் என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கோபப்படுங்கள், தப்பில்லை. கோபத்தோடேயே கேக்கும் வெந்தாக வேண்டும்.

ரோசம்மாவின் டின்னை மேல் தட்டில், நட்டநடுவில், தனியாக வைத்தேன். பிறகு ஒரு காலித் தட்டை எடுத்து, கூரைச் சூடு முகத்தில் நேராக விழாதபடி, அதற்கு மேலே கூரையோரம் காலியாக இருந்த தட்டுப் பள்ளத்தில் சொருகினேன்.

ரோசம்மா அதைப் பார்த்துவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்க டின்னுக்கு மேல அது யாரு தட்டு?"

"யாரு தட்டும் இல்ல. காலித் தட்டு."

கொஞ்சம் யோசித்தாள்.

"யாரும் இல்லன்னா சரி," என்றாள்.

கதவைச் சாத்தினேன்.